ஒற்றைப் புள்ளி ராணி

மார்ச் 3, ஞாயிறு

உரக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி. அட்டையில் மரவள்ளிக் கிழங்கு படம். இரண்டு மாதமாக அரிசி டிரம் மேல் சும்மா கிடந்தது. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், வாயைத் திறந்து பேச முடியவில்லை. இடது தாடை வீங்கியிருக்கிறது. குளியலறைக் கதவு காற்றில் அடித்துவிட்டது. எங்கள் வீட்டுக் கதவுகளுக்கு என்மேல் என்ன பகையோ.

மாதேஷ் வந்தான். என் வீட்டுக்காரர் செங்கோடனின் தம்பி. காடை வளர்த்தான், காளான் வளர்த்தான். கடைசியில் அவன் தாடிதான் வளர்ந்தது. இப்போது பெங்களூரில் எவனோ தலையில் கட்டிய மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கி வந்திருக்கிறான். நீளக் கம்பி, முனையில் தோசைக்கல் அளவுக்கு ஒரு வட்டம்.

"பூமிக்குள்ள என்ன இருந்தாலும் இது வாசம் புடிச்சிரும் அண்ணி."

"நாய் மாதிரியா?"

"நாய விட மேலுங்க. சோறு கேக்காது."

சிரித்ததில் தாடை உயிர் போனது. அவன் என் கன்னத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். எப்போதும் அப்படித்தான் குனிந்துகொள்வான். பிறகு மடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்தான். ஆறு வெள்ளி ரூபாய். பழைய சந்தைமேட்டில் கிடைத்ததாம். அடுப்புக்கரியும் அதுவும் ஒரே நிறம்.

"யூடியூப்ல புளி போட்டுத் தேய்க்கச் சொல்றாங்க."

"புளி போட்டுத் தேய்க்க இது என்ன குத்துவிளக்கா தம்பி? வெச்சிட்டுப் போ."

என் அப்பா சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். இன்றைக்கும் சேலத்துப் பட்டறையிலிருந்து கொலுசு வாங்கி வந்து வீட்டிலேயே மெருகு போட்டுக் கொடுக்கிறேன். ஆட்கள் என்னிடம் வாலாட்டுவார்கள், வெள்ளி வாலாட்டாது.

மார்ச் 5, செவ்வாய்

காலையில் இருபது ஜோடிக் கொலுசு முடித்தேன். மத்தியானம் காசுகள்.

புதுக் கொலுசு என்றால் திராவகத்தில் முக்கி எடுத்து, பித்தளைப் பிரஷ்ஷால் அடித்துத் துலக்கலாம். பழைய காசை அப்படிச் செய்தால் ராஜாவின் மூக்கு போய்விடும். ராத்திரியெல்லாம் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவிட்டேன். மண் இளகிவிட்டது. பிறகு சாப்பாடு கட்டுகிற அலுமினியத் தாளைக் கிண்ணத்தில் விரித்து, சோடா உப்பு போட்டு வெந்நீர் ஊற்றி, காசைத் தாள்மேல் வைத்தேன். நுரைத்துக்கொண்டு அழுகின முட்டை நாற்றம் அடித்தது. கறுப்பு காசை விட்டுவிட்டுத் தாளுக்குத் தாவியது. அப்பா சொல்லாத வித்தை இது, கைபேசியில் கற்றேன். எடுத்துக் குழந்தைகள் பல் தேய்க்கிற மெல்லிய பிரஷ்ஷால் தடவினால் போதும்.

ஆறிலும் முகம் வந்தது. நான்கில் தாடி ராஜா, இரண்டில் மொட்டைத்தலை ராஜா.

அவர் சாப்பிட வந்தபோது கிண்ணத்தைப் பார்த்தார்.

"எங்க புடிச்சான்?"

"சந்தைமேட்டுலங்க."

"நம்ம காட்டுப் பக்கம் அந்த மிஷினத் தூக்கிட்டு வந்தான்னா காலை முறிச்சிருவேன்னு சொல்லு."

எங்கள் காட்டில் மரவள்ளியைத் தவிர என்ன இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். தாடை நினைவுக்கு வந்தது.

மார்ச் 7, வியாழன்

அவருக்குப் பல்வலி. கடைவாயில் போன வருடம் வெள்ளி அடைத்த பல். பல்வலி வந்தால் வீட்டில் பாத்திரங்கள் பறக்கும். இன்று பாத்திரம் பறக்கவில்லை, பக்கத்துக் காட்டு ராமாயியின் நாய் செத்தது. எங்கள் கிணற்றடிக் கரையைப் பிறாண்டிக்கொண்டே இருந்ததாம். கடப்பாரையால் ஒரே போடு. தலை இரண்டாகிவிட்டது. ராமாயி மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள்.

அந்தக் கரையைக் கண்டாலே இவருக்குப் பித்தம் ஏறுகிறது. போன மாதம் இவர் பழனிக்குப் போயிருந்த நாளில் வண்டிப்பாதையை அகலப்படுத்த வந்த ஜேசிபி கரையை இரண்டடிக்குச் சீவிவிட்டது. திரும்பி வந்ததும் அந்த டிரைவரைத் தேடிப்போய் சட்டையைப் பிடித்தார். இரண்டடி மண்ணுக்கா இவ்வளவு கோபம்? கஞ்சப் பிசினாறி என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

சட்டையில் நாயின் ரத்தம். ஊறவைத்தால்தான் போகும். ஊறவைத்திருக்கிறேன்.

மார்ச் 9, சனி

மாதேஷ் பின்வாசல் வழியாக வந்தான். முகமெல்லாம் பல்.

"அண்ணி, அண்ணன்கிட்ட மூச்சு விட்றாதீங்க. நம்ம கெணத்தடிலதான். சீவின கரைல ஒரு அடி ஆழங்கூட இல்ல, மிஷின் கத்துச்சு பாருங்க!"

ஏழாவது காசு. மற்றதை விட மோசமாகக் கறுத்து, ஓரத்தில் களிம்பு பச்சையாக ஏறி, மண்ணோடு மண்ணாக இருந்தது.

"இது மட்டும் இல்லீங்க. காசுக்கு அடியில ஒரு ஓடு தட்டுப்பட்டுச்சு. வளைவா, வழுவழுன்னு, பானை கவுத்து வெச்ச மாதிரி. பொதையல் பானைதான்! அப்படியே மண்ணப் போட்டு மூடிட்டேன். அண்ணன் இல்லாத நேரமாப் பாத்துத் தோண்டிக்கலாம்."

பானை கிடைத்தால் என் மேல்கைக்குத் தங்கத்தில் வங்கி செய்து போடுவானாம். அவன் வாயில் சர்க்கரை போடத்தான் வேண்டும், வீட்டில் சர்க்கரை இல்லை. டீ கொடுத்து அனுப்பினேன்.

மார்ச் 10, ஞாயிறு

இதற்குத் தனியாகப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் வைத்தேன். மண் கரைய நேரம் பிடித்தது. களிம்போடு நான்கைந்து தலைமுடி ஒட்டியிருந்தது. மண்ணில் தலைமுடி கிடப்பது அதிசயமில்லை. சீப்பில் வருவதை எல்லோரும் எங்கேயாவது போடத்தான் செய்கிறார்கள்.

தாளில் வைத்தேன். நாற்றம் வந்தது. முகம் வந்தது. தாடி ராஜா இல்லை, மொட்டைத்தலையும் இல்லை. விக்டோரியா ராணி. பிரஷ்ஷால் தடவத் தடவக் கிரீடம், காது, கழுத்துச் சங்கிலி எல்லாம் வந்தது. கொண்டைக்குக் கீழே ஒரு புள்ளி.

அது பள்ளமாகிப் போனதில்லை. உளியால் அடித்த புள்ளி. கொலுசுப் பூவில் புள்ளி வைக்கிற உளி, ஓரம் லேசாகத் தேய்ந்தது. அந்தத் தேய்மானத்தை நான் எங்கே பார்த்தாலும் சொல்வேன்.

எங்கள் அம்மாவிடம் இரண்டு ராணிக் காசு இருந்தது. சாகும்போது ஆளுக்கொன்று கொடுக்கச் சொன்னாள். பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கூடாது என்று அப்பா பட்டறையில் வைத்துப் புள்ளி அடித்தார். என்னுடையதில் இரண்டு புள்ளி. அது சாமி தட்டில் இருக்கிறது. இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஒற்றைப் புள்ளி என் அக்காவுடையது.

மார்ச் 11, திங்கள்

இன்று சமைக்கவில்லை. அதற்கு உரியது முதுகில் கிடைத்தது.

மார்ச் 13, புதன்

அக்கா பெயர் அம்சவேணி. செங்கோடனின் முதல் மனைவி அவள்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் இவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "உங்க மூத்த மவ லாரிக்காரனோட ஓடிட்டா. ஊருக்குள்ள நான் தலை காட்ட முடியல" என்றார். அப்பா அவர் காலில் விழுந்தார். ஸ்டேஷனுக்கு எழுதிக்கொண்டு போனபோது, ஓடிப்போனவளைத் தேட எங்களுக்கு வேறு வேலை இல்லையா என்று ஒருவர் சிரித்தாராம். மூன்றாவது மாதம், போன மானத்துக்கு ஈடாக என்னைக் கட்டிவைத்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. ஆறாவது மாதம் அப்பா போய்விட்டார். அக்காவை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்! வாங்கின ஒவ்வொரு அடிக்கும் அவளைத்தான் திட்டினேன்.

அப்பாவின் சாவன்று நடந்தது ஒன்று இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. எங்கள் வழக்கத்தில் செத்தவர் நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து வெள்ளி ரூபாய் ஒட்டுவார்கள். சாதாரணக் காசு ஆகாது, வெள்ளிதான். குழிக்குள் இறக்கும்போது வெட்டியான் அதை எடுத்துக்கொள்வது எங்கள் பக்கத்து முறை. அப்பா நெற்றியில் அவன் கை வைத்ததும் இவர் அவன் குரல்வளையைப் பிடித்துவிட்டார்.

"நெத்திக் காசு இல்லாமப் போனா வழியில தவிச்சு, திரும்ப வீட்டுக்கே வந்துரும்டா! தெரியுமா உனக்கு?"

அந்தக் கண்ணில் இருந்தது கோபம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பயம். இப்போது தெரிகிறது.

லாரியில் ஏறிப் போனவளின் காசு எங்கள் கிணற்றடிக்கு எப்படி வந்தது? ஓடுகிற அவசரத்தில் விழுந்திருக்கும். இருக்கும். அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 15, வெள்ளி

மாதேஷ் அவசரக்குடுக்கை. பானையைத் தோண்டப் போய்விட்டான், இவர் ஊரில் இருக்கும்போதே.

அலறல் கேட்டு ஓடினேன். மாதேஷின் வலது கையைக் கல்லின் மேல் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு, மண்வெட்டிக் காம்பால் விரல்களின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தார். அவனுக்குப் பால்பாட்டில் பிடித்து வளர்த்த அண்ணன்.

"இனி தோண்டுவியா? தோண்டுவியாடா?"

இடையில் விழுந்தேன். எனக்கும் முதுகில் இரண்டு. மாதேஷின் மூன்று விரல்கள் மூன்று திசையைப் பார்த்தன.

அவர் கரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். தம்பியை அடித்ததற்கு அழுகிறார் என்று சேர்ந்த கூட்டம் உச்சுக்கொட்டியது.

மார்ச் 16, சனி

மாதேஷுக்குப் புத்தூர் கட்டு. திருப்பூரில் சிநேகிதன் அறைக்குப் போகிறான். பஸ் ஏற்றிவிடப் போனேன்.

"மிஷினு உங்க விறகுக்கட்டுக்குப் பின்னாடி சாக்குல இருக்குங்க அண்ணி. பத்திரம். அந்தப் பானைல அப்படி என்னங்க இருக்குது, சொந்தத் தம்பிய இப்படி அடிக்கற அளவுக்கு?"

தெரியவில்லை என்றேன்.

மார்ச் 18, திங்கள்

அவர் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி ஆலைக்குப் போனார். நான் கிணற்றடிக்குப் போனேன்.

பானை இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

நேற்று அதற்கு மேல் கை ஓடவில்லை.

காசு தேய்க்கிற பிரஷ்ஷைத்தான் கொண்டுபோயிருந்தேன். மண்ணை ஒதுக்கி ஒதுக்கித் தேய்த்தேன். முன்பல் ஒன்று மற்றதன் மேல் ஏறி நின்றது. அக்காவின் தெத்துப்பல். சின்ன வயதில் அதைச் சொல்லித்தான் அவளை அழவைப்பேன். பின்மண்டை உள்ளே நொறுங்கிப்போயிருந்தது, முட்டையைத் தரையில் தட்டினால் ஆகுமே அப்படி. அவளை மறுபடி மூடிவைத்தேன். "அக்கா, நான்தான் கலாமணி" என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

கொன்று புதைத்திருக்கிறான். புதைத்துவிட்டு, ஆவி திரும்பி வரக்கூடாது என்று, அவளுடைய ரூபாயையே எடுத்து அவள் நெற்றியில் ஒட்டியிருக்கிறான். கொலைகாரனுக்குச் சாஸ்திரம் ஒரு கேடு.

ஒன்பது வருடம் இந்த ஆளுக்குச் சோறு போட்டேன். வெந்நீர் வைத்தேன். அவர் அவர் என்று எழுதினேன். இனி அவன்தான்.

ஸ்டேஷனுக்குப் போகலாம். அங்கே ஏட்டு அவனுடைய மாமன் மகன். காசில் இருக்கிற புள்ளி அப்பா அடித்தது என்று சாட்சி சொல்ல அப்பா இல்லை. நான் வீடு திரும்புவதற்குள் அவனுக்குச் செய்தி போய்விடும்.

மார்ச் 21, வியாழன்

கிண்ணத்தில் இருந்த காசுகளை எண்ணினான்.

"ஏழுன்னு சொன்னானே மாதேஷு, அடி வாங்கறப்ப?"

"ஆறுதாங்க குடுத்தாப்ல."

முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். எத்தனை தரம் என்று ஐந்துக்கு மேல் எண்ணவில்லை. ஒரு பல் கையோடு வந்துவிட்டது. கதவு அடித்தது என்று இந்த டைரியிலும் பொய் எழுதினேனே, யார் படிக்கப் போகிறார்கள் என்று? அவன்தான் அடிக்கிறான். கல்யாணமான நாலாம் நாளிலிருந்து அடிக்கிறான்.

"ஒண்ணு இருந்துச்சுங்க. திராவகத்துல போட்டேன், கரைஞ்சிருச்சு" என்றேன்.

"என்ன காசு?"

"மூஞ்சி தெரியலீங்க."

என் முகத்தையே பார்த்தான். நம்பவில்லை. ஒற்றைப் புள்ளி ராணி அப்போது என் ரவிக்கைக்குள் இருந்தாள்.

மார்ச் 24, ஞாயிறு

மாதேஷ் போன் செய்தான்.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. சேலத்துப் பட்டறைக்காரன் ஒருத்தன்கூட நீங்க எந்நேரமும் போன்ல பேசறீங்கன்னு அண்ணன் டீக்கடைல சொல்லிட்டுத் திரியறாராம். 'அக்காளாட்டமே தங்கச்சியும் ஓடிருவா போல இருக்குது'ன்னாராம்."

நான் சிரித்தேன். அவன் பயந்துவிட்டான்.

மார்ச் 26, செவ்வாய்

கிணற்றுக்கு மேற்கே குழி வெட்டுகிறான். தென்னங்கன்று வைக்கவாம். கன்று வாங்கியாகிவிட்டது, தொட்டியடியில் இருக்கிறது.

நான் சின்ன வயதிலிருந்து தென்னை வைப்பதைப் பார்த்திருக்கிறேன். மூன்றடிக்கு மூன்றடி, சதுரம். இது ஆறடி நீளம், இரண்டடி அகலம். ஆழம் அவன் மார்புக்கு இருக்கிறது. போன தரம் இரண்டு முழம் தோண்டிவிட்டு ஓடியிருப்பான் போல. இந்தத் தரம் ஆற அமரச் செய்கிறான்.

மார்ச் 28, வியாழன்

சாமி தட்டில் என் ரூபாயைக் காணவில்லை.

திருநீறு, குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் அப்படியே இருக்கிறது. ரெட்டைப் புள்ளி ராணி மட்டும் இல்லை. நானே எங்கேயாவது எடுத்து வைத்திருப்பேனோ என்று பெட்டி, டிரம், தலையணை உறை வரை தேடினேன். பிறகு விறகுக்குப் பின்னால் இருந்த சாக்கை அவிழ்த்தேன். மாதேஷ் செய்கிற மாதிரியே பொத்தானை அழுத்தி, வீடு கூட்டுகிற மாதிரி மிஷினை இடவலமாக ஆட்டிக்கொண்டு போனேன். டிரம்முக்குக் கத்தியது, கட்டிலுக்குக் கத்தியது. வெறும் சுவரில், ஆணியில் தொங்கிய அவன் சட்டைக்குக் கத்தியது.

ஆணிக்குத்தான் கத்துகிறது என்று சட்டையை எடுத்துக் கீழே போட்டுப் பார்த்தேன். சட்டைதான்.

பையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தேன். என் ரூபாய். கூடவே ஒரு வில்லை சந்தனம்.

பொட்டலத்தை மடித்தபடியே மடித்துப் பைக்குள் வைத்து, சட்டையை ஆணியில் மாட்டினேன். மிஷினைச் சாக்கில் கட்டினேன். ராத்திரிக்கு அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். கையை நக்கி நக்கிச் சாப்பிட்டான்.

மார்ச் 29, வெள்ளி

"நாளைக்கு வெடியால அஞ்சு மணிக்கு எந்திரிச்சுக் கெணத்தடிக்கு வா. கன்னு நடணும். பொம்பள கையால நட்டாத்தான் காய்க்கும்" என்றான். இத்தனை வருடத்தில் இன்றுதான் என்னிடம் மெதுவாகப் பேசினான்.

"வர்றனுங்க" என்றேன்.

கொலுசு வெளுக்கிற திராவகம் ஒரு கேன் கொல்லையில் இருக்கிறது. தண்ணீர் கலக்காதது. டீ கொண்டுபோகிற தூக்குப்போசி ஒன்றைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன். பீங்கான் பூசிய போசி, ஓட்டையாகாது. வெள்ளிக் காசென்றால் திராவகம் காட்டக் கூடாது. எதற்குக் காட்டலாம் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 30, சனி

தென்னங்கன்று நட்டாயிற்று.

மார்ச் 31, ஞாயிறு

வலது தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. இடது கையால் எழுதுகிறேன்.

அவன் முதலில், "குழிக்குள்ள எறங்கி அடிமண்ண நெரவு" என்றான். விடிந்தும் விடியாத நேரம். அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தான். பை உப்பியிருந்தது.

"முட்டி வலிக்குதுங்க. நீங்களே எறங்குங்க. டீ கொண்டாந்திருக்கேன், குடிச்சிட்டு எறங்குங்க."

தூக்குப்போசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மண்வெட்டியை ஓங்கிவிட்டான். அடி என் தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. போசியில் இருந்ததை முகத்தில் வீசினேன்.

அவன் கத்தியது மனிதன் கத்துகிற மாதிரி இல்லை. கண்ணைப் பொத்திக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றி, அவன் வெட்டிய குழியிலேயே விழுந்தான். "கலா, தண்ணி, தண்ணி" என்றான். ஒன்பது வருடத்தில் என் பெயரைச் சொல்லி அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஒரு நொடி கை நின்றது. பொய் சொல்ல மாட்டேன், நின்றது.

"எங்கக்காவும் தண்ணி கேட்டாளா?" என்றேன்.

குழிச்சுவரைப் பிடித்து ஏறப் பார்த்தான். மண்வெட்டி என் காலடியில் கிடந்தது. இடது கையால் மூன்று தரம் போட்டேன். முதல் தரம் அக்காவுக்கு. இரண்டாவது அப்பாவுக்கு. மூன்றாவது எனக்கு என்று எழுத ஆசை. அது ராமாயியின் நாய்க்கு.

எனக்கு என்று தனியாக எதுவும் மிச்சமில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

மறந்துவிடக் கூடாது என்று எழுதவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும், டைரியே, உன்னை விட்டால் ஆளில்லை.

மண் தள்ளுவதற்கு முன்னால் ஏணி வைத்துக் குழிக்குள் இறங்கினேன். பெல்ட்டை உருவினேன். சாவிக்கொத்து, செல்போன், சட்டையில் குத்தியிருந்த ஊக்கு எல்லாம் எடுத்தேன். பையில் இருந்த என் ரூபாயை எடுத்தேன். சந்தனத்தை அவனுக்கே விட்டுவிட்டேன். இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாணைக் கத்தரித்தேன். பிறகு சாக்கிலிருந்து மிஷினை எடுத்து, தலை முதல் கால் வரை காட்டினேன். காலில் கத்தவில்லை. வயிற்றில் கத்தவில்லை. முகத்துக்கு வந்ததும் கீச் கீச் என்று கத்தியது.

வெள்ளி அடைத்த பல்.

அப்பாவின் கொலுசுக் குறடு வீட்டில் இருந்தது. போய் எடுத்து வந்தேன். ஒற்றைக் கையால் பல் பிடுங்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. மறுபடி காட்டினேன். மிஷின் வாயைத் திறக்கவில்லை.

பல்லையும் அரைஞாணையும் உலையில் போட்டேன். இரண்டும் ஒரே உருண்டையாகிவிட்டது. செல்போனை ஆலை வாசலில் நின்ற வடநாட்டு லாரியின் தார்ப்பாயில் செருகிவிட்டேன். அது நாக்பூரோ எங்கேயோ போகிறது. ஊரில் கேட்டவர்களிடம், "சனிக்கிழமை சண்டை போட்டுட்டுப் பையத் தூக்கிட்டுப் போனவருதாங்க. எவளோ இருக்கறா போல" என்றேன். என் தோள்கட்டைப் பார்த்து எல்லோரும் நம்பினார்கள். ஓடிப்போய்விட்டான் என்றால் இந்த ஊர் உடனே நம்பும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் பார்த்ததுதானே?

ஏப்ரல் 4, வியாழன்

அக்காவின் எலும்புகளைக் கரையிலிருந்து எடுத்து, ஒரு புதுப் பட்டுத்துணியில் கட்டி, கொலுசுப் பையில் வைத்து, பஸ்ஸில் பவானி கூடுதுறைக்குக் கொண்டுபோனேன். கண்டக்டர் பையைக் காலுக்குக் கீழே வைக்கச் சொன்னார். மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

ஒற்றைப் புள்ளி ராணியை அவளோடு ஆற்றில் விட்டேன். பளபளவென்று போனாள். ஒன்பது வருடம் அக்காவைத் திட்டியதற்கெல்லாம் சேர்த்து அழுதேன். பக்கத்தில் பிண்டம் கரைத்த ஒரு அம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மாதேஷ் வந்தான். கட்டுப் பிரித்தாயிற்று, விரல் மூன்றும் கோணல்தான். மிஷினைக் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன்.

"பானைய ஒருக்காப் பாத்துட்டு வந்துர்றனுங்க."

கூடவே போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கரையில் நெடுநேரம் ஆட்டினான், ஒன்றுமில்லை. ஒரு குச்சியால் கிளறினான். வெறும் பொலபொல மண். "யாரோ எடுத்துட்டாங்க அண்ணி" என்றான். பிறகு அவன் கண் மேற்கே போனது. தென்னங்கன்று. புது மண். ஆறடி நீளத்துக்குப் புது மண்.

என்னைப் பார்த்தான். என் தோளைப் பார்த்தான். இந்தத் தடவை தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

கன்றிடம் போய் மிஷினைத் தரையோடு தரையாக வைத்து, அந்த முனையிலிருந்து இந்த முனை வரை மெதுவாகக் கொண்டுவந்தான். கால்சட்டையில் ஏதாவது கொக்கி இருந்ததா? செருப்பில் ஆணி? இரண்டாம் தரமும் கொண்டுபோனான்.

சத்தமே இல்லை.

நிமிர்ந்து நின்றான். "அண்ணன் திரும்பி வருவாருங்களா அண்ணி?" என்றான்.

"எங்கக்கா வந்தாளா?"

மிஷினை அணைத்தான். கோணல் விரலால் கன்றைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணை அணைத்துவிட்டான். "தண்ணி ஊத்துங்க, வாடுது" என்றான். கிணற்றுத் தண்ணீரை அவனே இரண்டு குடம் மொண்டு ஊற்றினான்.

இதை எழுதி முடித்ததும் டைரி உலைக்குப் போகிறது. என் ராணி சாமி தட்டில் இருக்கிறாள், துலக்கியிருக்கிறேன். கன்றுக்கடியில் கிடக்கிறவனிடம் நெற்றிக் காசு கேட்டு எந்த மிஷின் வந்தாலும் கிடைக்காது. அவன் செய்த தப்பை நான் செய்யவில்லை. அவன் நெற்றியில் நான் எதையும் வைக்கவில்லை. வழியில் தவிக்கட்டும்.